மியூனிக்கில் வார இறுதி: சொந்தக் காரா, பயர்ன் டிக்கெட்டா?

மியூனிக்கில் குடியேறிய குடும்பங்களில் ஒன்றிரண்டு வருடத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும்: ஒரு கார் வாங்கிவிடலாமா? நான் ஜெர்மன் லைசென்ஸ் வாங்கிய கையோடு எங்கள் வீட்டிலும் வந்தது. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய பிறகு ஆறு மாதம் வரைதான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். அத்தனையும் முடித்த பிறகும் நாங்கள் கார் வாங்கவில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் ஊருக்குள் ரயிலும் டிராமுமே போதும். வாங்கினால் வார இறுதி ஊர்சுற்றலுக்கு மட்டும்தான். அதற்கு ரயிலே மேல் என்பது என் கட்சி.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்சூரன்ஸ், வரி, குளிர்கால டயர் ஒரு செட், கழற்றிய டயரை வைக்க இடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டுயூஃப் என்ற வாகனத் தகுதிச் சோதனை. வாரத்தில் ஐந்து நாள் தெருவில் சும்மா நிற்கும் வண்டிக்கு இவ்வளவும்.

பயர்ன் டிக்கெட் என்பது மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட். ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். பெரியவர்களோடு வரும் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு 14 வயது வரை தனிக் கட்டணம் இல்லை. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான். மறுநாள் அதிகாலை 3 மணி வரை பவேரியாவின் லோக்கல் ரயில், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் இதே டிக்கெட் போதும். பயணிகளின் பெயர்களை அதில் எழுத வேண்டும். பரிசோதகர் ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார்.

“அதுதான் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறதே” என்பார்கள். தனி ஆளுக்கும், வேலைக்குத் தினமும் ரயிலில் போகிறவருக்கும் அது சரி. ஆனால் அது நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ்களில் செல்லும், ஒருவர் பெயரில் உள்ள மாதச் சந்தா. ஆறு வயது தாண்டிய பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது ஐவர் குழுவுக்குப் பயர்ன் டிக்கெட்தான் கைகொடுக்கும்.

இதெல்லாம் இருக்கட்டும். என்னை ரயில் பக்கம் சாய்த்தது வேறு ஒன்று. காரில் போனால் எங்கே நிறுத்தினோமோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். ரயிலில் அந்தக் கட்டாயம் இல்லை. ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் ஏறலாம்.

ஸ்டார்ன்பெர்க் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்-6 ரயிலில் போஸன்ஹோஃபனில் இறங்கி, ஏரிக்கரையோடு தெற்கே நடக்கிறோம். வழியில் ரோஸன்இன்ஸெல் என்ற குட்டித் தீவு தெரியும். புல்வெளியில் துண்டை விரித்துப் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே டுட்ஸிங் வரை நடந்து அங்கே ரயில் ஏறுகிறோம். நடுவில் மகள் சோர்ந்துவிட்டால் ஃபெல்டாஃபிங்கிலேயே ஏறிவிடலாம். ஸ்டேஷன் மட்டும் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. இதே கரையில் காரோடு போயிருந்தால் பாதி தூரத்திலேயே மனசு திரும்பும் வழியைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

நன்றாக நடக்கிறவர்களுக்கு டேகர்ன்ஸேயிலிருந்து மலை தாண்டி ஷ்லியர்ஸே போகும் பிரின்ஸன்வேக் பாதை இருக்கிறது. இரண்டு ஏரி, இரண்டு ஸ்டேஷன், ஒரே டிக்கெட். காரில் வந்தவர் வண்டியை எடுக்க மறுபடி மலையேற வேண்டும், இல்லை சுற்றி வளைத்து வர வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மியூனிக்கிலிருந்து கிளம்பும் அந்த ரயில் வழியில் பிரியும். ஹோல்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி பைரிஷ்ஸெல் பக்கமும், ஷாஃப்ட்லாஹில் மிச்சம் லெங்கிரீஸ், டேகர்ன்ஸே என்று இரண்டாகவும் போகும். ஏறும்போதே பெட்டி மேல் இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து உட்கார வேண்டும்.

அடுத்தது ஞாயிறு சாயங்காலம். மலையிலிருந்து ஊர் திரும்பும் கார்கள் ஏ-8 சாலையில் இர்ஷன்பெர்க் மேட்டில் ஊர்ந்து கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ரயிலில் நான் மகள் தலையை மடியில் சாய்த்துத் தூங்க வைத்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்தான். காரில் போன நாட்களில் எனக்கு அது விடுமுறையாகவே இருந்ததில்லை.

காருக்கும் நியாயம் உண்டு. கோனிக்ஸே ஏரிக்கு ரயிலில் போனால் ஃப்ரைலாஸிங்கில் மாறி, பெர்ஷ்டெஸ்காடனில் இறங்கி, அப்புறம் பஸ். போகவே ஏறக்குறைய மூன்று மணி நேரம். முழங்கால் வலியுள்ள மாமியாரை அப்படி ஏற்றி இறக்க முடியாது என்று வாடகைக் கார் எடுத்தோம். அது சரியான முடிவு. கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் உள்ள வீட்டுக்கும் கணக்கு மாறலாம். லோக்கல் ரயிலில் கழிவறை இருக்கும், எஸ்-பானில் இருக்காது. பெரியவர்களோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தண்டவாள வேலை நடக்கும் வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், நேரம் இழுக்கும். வெள்ளிக்கிழமை இரவே செயலியில் பார்த்துவிடுவது நல்லது.

சொந்தக் காரை வருடக்கணக்கில் வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை. வாடகைக் கார், நண்பர்களின் கார் இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன். பனிக்காலத்தில் மலைச்சாலையில் நான் ஓட்டியதே இல்லை. அந்தப் பகுதியை ஓட்டியவர்களிடம் கேளுங்கள்.

சால்ஸ்பர்க் போகிறவர்களுக்கு, எதில் போனாலும் சரி: பாஸ்போர்ட்டும் இங்கே தங்கும் அனுமதி அட்டையும், ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது ஜெர்மன் போலீஸ் சாலையிலும் சோதிக்கும், ரயிலிலும் ஏறும்.