கண்ணுக்குள் போடும் ஊசி: வைத்தியம் அருமை, விளக்கத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்

அம்மாவுக்குச் சர்க்கரையால் ரெட்டினா (கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் விழித்திரை) பாதித்து, எங்கள் ஊர்த் தனியார் கண் மருத்துவமனை ஒன்றில் கண்ணுக்குள் ஊசி போட்டு வருகிறோம். பெயர் வேண்டாம். டாக்டர் கைராசிக்காரர், அதில் குறையே இல்லை.

ஊசி என்றதும் வயிற்றைக் கலக்கும், ஆனால் நடப்பது சில நொடிதான். மரத்துப்போகச் சொட்டு மருந்து, அப்புறம் பழுப்பு நிற பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி (எரிவது இதுதான், ஊசி இல்லை என்கிறார் அம்மா), இமையை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி, கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை நாலு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் மெல்லிய ஊசி. உள்ளே போவது 0.05 மில்லி.

கோபம் வந்தது பணம் கட்டிய பிறகு. "திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும்" என்று அப்போதுதான் சொன்னார்கள், ஏன் என்று கேட்டால், நோயாளிகளுக்கு விளக்கம் சொல்ல அங்கே வைத்திருக்கும் கவுன்சிலர் "அது அப்படித்தான் சார்" என்கிறார். நானே படித்துத் தெரிந்துகொண்டேன். வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் ரெட்டினாவின் நுண்குழாய்களைச் சுற்றித் தாங்கும் பெரிசைட் செல்கள் செத்துப்போய், குழாய்கள் அடைபட்டு, அந்த இடத்துக்கு ஆக்சிஜன் போவதில்லை. ஹிஃப்-1 ஆல்ஃபா என்று ஒரு புரதம், ஆக்சிஜன் இருந்தால் உடனுக்குடன் அழிக்கப்பட்டுவிடும். இல்லாதபோது அழியாமல் தங்கி, வெஜ்எஃப் என்ற இன்னொரு புரதத்தைத் தயாரிக்கச் சொல்லி மரபணுவை முடுக்கிவிடுகிறது (செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2019 மருத்துவ நோபல்). வெஜ்எஃப் மிஞ்சினால் பழைய குழாய்கள் கசிந்து பார்வையின் மையப் பகுதி வீங்கும், புதுக் குழாய்களும் கண்டபடி முளைக்கும். அவை பலமில்லாதவை, உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம்.

ஊசி மருந்து அந்த நேரத்தில் இருக்கும் வெஜ்எஃபைப் பிடித்து முடக்குகிறது, அவ்வளவுதான். உற்பத்தி நிற்பதில்லை, மருந்து சில வாரங்களில் கரைந்துவிடும். இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். காத்திருக்கும் ஹாலில் பக்கத்து இருக்கைப் பெரியவர், முதல் ஊசியிலேயே நன்றாகத் தெரிந்ததால் வராமல் விட்டு, இப்போது ரத்தம் கசிந்து வந்திருக்கிறார்.

மருந்து விலைப்பட்டியலும் அப்படித்தான், பெயரும் ரூபாயும் மட்டும். அதில் இருக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, ஒரு குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிப்பதால் மலிவு. அதை எங்கே, எப்படிச் சுத்தமாகப் பிரிக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் கண்ணுக்கென்றே வந்தவை. ஃபாரிசிமாப் ஆங்-2 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துத் தடுக்கிறது, சிலருக்கு இடைவெளியை நாலு மாதம் வரை நீட்டலாமாம், ஆனால் விலை எட்டாத உயரம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள், கண் பாப்பா விரிய மருந்து விட்டால் மணிக்கணக்கில் மங்கலாகத்தான் இருக்கும். ஓ.சி.டி. ஸ்கேன் (ரெட்டினாவின் குறுக்குவெட்டுப் படம்) நகலையும் விடாமல் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.