எண்பது வீட்டு ஊருக்கு எந்த கேஸ்? குழாய், லாரி, சிலிண்டர், சாணம்: ஓர் ஒப்பீடு

2021 பிப்ரவரியில் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாய் திறக்கப்பட்டது. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதே, திருநெல்வேலிச் சீமையின் கடைக்கோடி ஊர்களுக்கும் வராதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எண்பது வீடு உள்ள ஓர் ஊர் குழாயை நம்பி மற்ற வழிகளைத் தள்ளிப்போடலாமா? திசையன்விளைக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டி, பெரிய சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஊரை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

முதலில் தேவை எவ்வளவு? 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று சின்னக் குடும்பத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம் வரும். அதே வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு ஏறத்தாழ 18 கன மீட்டர் வேண்டும். அப்படியானால் வீட்டுக்கு மாதம் 10 முதல் 12 கன மீட்டர். ஊரே சேர்ந்தாலும் ஒரு நாளைக்கு 30 கன மீட்டர்தான். வண்டிகளுக்கு நிரப்பும் அழுத்திய வாயுவாக, அதாவது சிஎன்ஜியாக, எடை போட்டால் 21, 22 கிலோ; ஐந்தாறு ஆட்டோக்கள் ஒரு தடவை நிரப்பிக்கொள்ளும் அளவு. மீதி எல்லாவற்றையும் இந்தச் சின்ன எண்தான் முடிவு செய்கிறது.

குழாய் கேஸின் நல்லதை மனதாரச் சொல்லிவிடுகிறேன். புக்கிங் இல்லை, தூக்கிச் சுமப்பது இல்லை, மீட்டரைப் பார்த்துப் பணம் கட்டினால் போதும். காற்றைவிட லேசானது என்பதால் கசிந்தாலும் மேலே போய்விடும். சிலிண்டர் கேஸ் தரையோடு தேங்கி நிற்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்லது கிடையாது. சிக்கல் பள்ளத்தில் இருக்கிறது. மஞ்சள் பாலிஎத்திலீன் குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டரை எண்பது வீட்டுக்குப் பிரித்தால், தெருக்களைச் சேர்க்காமலே வீட்டுக்கு அறுபது மீட்டருக்கு மேல் வருகிறது. பாளையங்கோட்டையில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெரு என்றால், சில மீட்டருக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைப்பார். நடுவில் ஹோட்டலும் பேக்கரியும் இருக்கும். கேஸ் விநியோகத்துக்கு உரிமம் கொடுக்கும் ஒழுங்குமுறை வாரியமும் எத்தனை இணைப்பு, எவ்வளவு இரும்புக் குழாய், எத்தனை சிஎன்ஜி பங்க் என்று பரப்பு முழுமைக்கும் சேர்த்துத்தான் இலக்கு வைக்கிறது. எனவே நகரம்தான் முந்தும். வழியில் நாள்தோறும் கேஸ் எரிக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அமைந்தால் கணக்கு மாறும். நம் பக்கத்தில் அதிக நெருப்பு கேட்கும் வேலை கருப்பட்டி காய்ச்சுவது. ஆனால் அது சில மாதத் தொழில். பனை மட்டையும் உடைமுள்ளும் காசில்லாமல் கிடைக்கும்போது கேஸில் பதநீர் காய்ச்சினால் கட்டுப்படியாகாது.

அப்புறம் லாரி. அழுத்திய வாயுவை உருளை அடுக்குகளில் ஏற்றி, ஊர் எல்லையில் நிறுத்தி, அங்கே அழுத்தத்தைக் குறைத்து, ஊருக்குள் மட்டும் குழாய் போடுவது. ஐந்து கிலோமீட்டர் பள்ளம் தோண்ட வேண்டாம். சிறிய லாரி அடுக்கு ஒன்று 450 கிலோ அளவுக்குக் கொள்ளும்; நம் ஊருக்கு அது மூன்று வாரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 200 பார் அழுத்தத்தில் உள்ள வாயுவை வீட்டு அடுப்புக்குரிய 21 மில்லிபாருக்கு இறக்கும் நிலையம், அதற்கு ஆள், தீயணைப்பு ஏற்பாடு, வாரக்கணக்கில் சும்மா நிற்கும் உருளைகள் எல்லாவற்றின் செலவும் நாளைக்கு 22 கிலோ வாயுவின் தலையில் விழும். பக்கத்து ஊர்கள் நாலைந்து சேர்ந்து ஐநூறு வீடு ஆனால் பேசிப் பார்க்கலாம்.

சிலிண்டரை நாம் பழசு என்று ஒதுக்குகிறோம். நிரம்பிய சிலிண்டர் 30 கிலோ கனக்கும். வண்டி பெரிய சாலையோடு நின்றுவிட்டால் அங்கிருந்து ஆட்டோவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் காசு கையில் இல்லாத மாதம்தான் விறகு அடுப்பு மறுபடி புகைகிறது. ஏழைப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தர 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் அடுப்பு வாங்கிய வீடுகளிலும் பெண்கள் உடைமுள் வெட்டப் போவதற்கு இந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டர் ஒரு பெரிய காரணம். வீட்டு வாசல் வரை கொண்டுவரும் கூலி சிலிண்டர் விலையிலேயே சேர்ந்திருக்கிறது என்பதை ஊரில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் வண்டி ஊருக்குள் வரும் என்று உறுதியானாலே, வீட்டுக்கு இரண்டாவது சிலிண்டரும் இருந்தால், குழாய் தரும் நிம்மதியில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

சாண எரிவாயு ஊருக்கு ஊர் மாறும். ஒரு நாளைக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் கலன் ஒரு குடும்பத்துக்குச் சமைக்கப் போதும். அதற்கு நாளைக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடு தொழுவத்தில் நிற்க வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இது நன்றாக நடக்கும். கழிவு வயலுக்கு உரமாகும். தேரிப் பக்கம் தண்ணீர்தான் பஞ்சம். அங்கே பசு வளர்க்கும் சில வீடுகளுக்கு மட்டும் இது சரி.

இண்டக்‌ஷன் அடுப்பு துணைக்கு இருக்கட்டும். ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 120 முதல் 140 யூனிட் மின்சாரம் ஆகும். அரசு தரும் இலவச யூனிட்டுகளைப் பல்பும் விசிறியுமே தின்றுவிடும். சாயங்காலம் மின்னழுத்தம் குறையும் ஊரில் எல்லா வீடும் ஒரே நேரம் போட்டால் தாங்காது. அலுமினிய இட்லிக் கொப்பரையும் அதில் சூடாகாது.

ஆகவே என் வரிசை இது: வாசலுக்கு வரும் சிலிண்டர் முதலில், மாடும் தண்ணீரும் உள்ள வீட்டில் சாண எரிவாயு, காப்பி போடவும் வெந்நீருக்கும் இண்டக்‌ஷன். குழாய் பிறகு வரட்டும். அடுத்த கிராம சபையில் சிலிண்டர் வண்டிக்குக் கிழமை குறிக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போடுங்கள். ஊருக்கு வரும் சாலையை மறுபடி போடும்போது, அதன் குறுக்கே காலிக் குழாய் ஒன்றைப் புதைத்து வைக்கச் சொல்லி இன்னொன்று; பிற்காலத்தில் குழாய் வந்தால் புதுச் சாலையை வெட்ட வேண்டியிருக்காது.