குயில்ட் ஓரப்பட்டி: மிஷினா, கை எம்மிங்கா?

"கையாலேயே பட்டி கட்டின குயில்ட்" என்று யாராவது சொன்னால் பாதியை நம்பினால் போதும். (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைதான் குயில்ட்; அதன் ஓரத்தைச் சுற்றி மூடுகிற துணிதான் பட்டி.) பட்டியின் முதல் தையலை ஏறக்குறைய எல்லோருமே மிஷினில்தான் ஓட்டுகிறார்கள். வழக்கு இரண்டாவது தையலில்தான்: பட்டியை மறுபக்கம் மடித்துப் போட்டபின் கையால் எம்மிங் போட்டு, அதாவது தையல் வெளியே தெரியாமல் ஊசியால் தைத்து முடிப்பதா, அதையும் மிஷினில் அடித்துவிடுவதா? குன்னூர், ஊட்டி பக்கம் ஹோம்ஸ்டேக்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குயில்ட் தைக்கிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் பெரும்பாலும் மிஷின் கட்சி. நேரம் மிச்சம் என்பதற்காக அல்ல, இந்த ஊர் ஈரத்துக்காக.

துணிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். 60க்கு 90 அங்குல சிங்கிள் குயில்ட்டின் சுற்றளவு 300 அங்குலம். மூலைக்கும் முனை சேர்ப்பதற்கும் இன்னொரு 10 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டி எட்டு வெட்டிச் சேர்த்தால் சரியாக இருக்கும். அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் துணி ஆகும். ஓரம் நேராக இருந்தால் நேர்ப்பட்டியே போதும், வளைவுக்குத்தான் மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் பட்டி. நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் துணி மலிவாகக் கிடைக்கிறதே என்று கை வைக்காதீர்கள். இழுத்த இழுப்புக்கு நீண்டு, ஓரம் அலை அலையாக நிற்கும்.

கை எம்மிங்குக்கு முதல் தையல் முன்பக்கம் விழ வேண்டும். கால் அங்குலம் விட்டு மிஷினில் ஓட்டி, பட்டியைப் பின்பக்கம் மடித்து, முதல் தையல் மறையும்படி கிளிப் போட்டுக்கொள்கிறோம். தலைக்குப் போடும் டிக்டாக் கிளிப்பே போதும். பின்துணியில் ஊசி நுனியால் இரண்டு இழையை மட்டும் எடுக்க வேண்டும். முன்பக்கம் ஊசி எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு பட்டியின் மடிப்புக்குள்ளேயே அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் ஓடி வெளியே வர வேண்டும். அப்படிப் போனால் ஒரு குயில்ட்டுக்கு 2,400 தையல். நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள், சிக்கும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்காது; கோத்தகிரி பக்கம் மலைத்தேன் விற்கும் கடைகளில் மெழுகும் கிடைக்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் விரல் மரத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் தைக்கிற வரை குயில்ட் மடியில்தான் கிடக்கும். அந்தச் சுகம் மிஷினில் இல்லை.

அழகில் கைதான் ஜெயிக்கும். மூலை கத்தி மாதிரி நிற்கும், மடிப்பின் வாயையும் நாலு தையல் போட்டு மூடிவிடலாம். ஆனால் விலை சொல்லும்போது தடுமாறுவோம். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழை எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவேலை பார்த்தவுடன் கண்ணில் படும். கை எம்மிங்கோ நன்றாகப் போட்டால் கண்ணுக்கே தெரியாது. தெரியாத வேலைக்கு எந்த வாடிக்கையாளர் கூலி கூட்டிக் கொடுக்கிறார்?

மிஷினில் முடிப்பவர்கள் வரிசையை அப்படியே திருப்ப வேண்டும்: முதல் தையல் பின்பக்கம், மடிப்பது முன்பக்கம். பலர் இதைச் செய்வதில்லை. முன்பக்கம் முதலில் தைத்துப் பின்னால் மடித்துவிட்டு, முன்னால் பட்டியை ஒட்டிய பள்ளத்திலேயே இரண்டாம் தையலை ஓட்டுகிறார்கள். கீழே பட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாண் பிடிக்கும், அடுத்த சாண் நழுவும். பிறகு "மிஷின் பட்டி நிற்காது" என்று பேச்சு. பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் நாம் அடிக்கிற மடிப்பு விளிம்பு கண் முன்னால் இருக்கும். அரைக்கால் அங்குலத்துக்கும் குறைவாக, விளிம்போரமாக ஓட்டினால் பின்பக்கத் தையல் பட்டியை ஒட்டி விழும். மேல்நூல் பட்டியின் நிறம், கீழே ஓடும் பாபின் நூல் பின்துணியின் நிறம் என்று வைத்துவிட்டால் கோடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தெரியாது.

ஊசி 14 நம்பர், பஞ்சு தடிமனாக இருந்தால் 16. தையல் நீளம் 3. துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட் மேல்துணியை முன்னால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் சுருக்கம் கொடுக்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. மூலையில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே ஃபுட்டைத் தூக்கித் திருப்புங்கள். நைட்டிக்குப் பட்டி வைக்கும்போது துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரை இங்கே கொண்டுவராதீர்கள், தடிமன் உள்ளே நுழையாது. தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், கால் மிஷின் ஓடும். அதனால் கரண்ட் கட்டைக் காட்டிக் கைக்கு ஓட்டுப் போட வேண்டியதில்லை.

இனி ஈரம். ஜூலையில் துவைத்த குயில்ட் இங்கே நாள் கணக்கில் காயாது. தண்ணீர் குடித்த பஞ்சின் கனம் முழுக்கக் கொடியில் ஓரத்தைத்தான் இழுக்கும். ஹோம்ஸ்டேயில் வாஷிங் மெஷினில் வேறு சுற்றி எடுப்பார்கள். கை எம்மிங்கில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். விருந்தாளியின் கால்விரல் மாட்டினால் அரை அடி பிரிந்துவிடும். அங்கே மிஷின்தான், குழந்தைக்கும் மிஷின்தான். சுவரில் மாட்டுவதற்கும், கல்யாணச் சீராகக் கொடுத்து வருஷத்துக்கு ஒருமுறை வெயில் காட்டுவதற்கும் கை.

பட்டியே வேண்டாம் என்று பின்துணியை அகலமாக விட்டு முன்னால் மடித்து அடிப்பவர்களும் உண்டு. துணி மிச்சம்தான். ஆனால் முதலில் தேய்கிற அந்த விளிம்பில் ஒற்றைத் துணிதான் நிற்கும். தனிப்பட்டி கிழிந்தால் பிரித்துவிட்டு வேறு வைக்கலாம்; இதில் கிழிந்தால் அதன் மேலேயே புதுப்பட்டி வைத்துத்தான் மூட வேண்டும், அரை மீட்டர் துணி அப்போது எப்படியும் வாங்கத்தான் போகிறோம்.