அப்பாவுக்கு ஹைட்ரஜன் டிரிப்ஸா, அபோமார்ஃபின் பம்பா?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து 11 வருடம் ஆனபோது, அந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த வேளை வரும்வரை விறைத்துப்போய் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். நரம்பியல் மருத்துவர் அபோமார்ஃபின் பம்ப் என்றார், அதாவது அந்த மருந்தைத் தோலுக்கடியில் சிறு ஊசி வழியாக விடாமல் செலுத்தும் கருவி. சித்தப்பா ஒரு கிளினிக்கில் விசாரித்துவிட்டு, ஹைட்ரஜன் வாயு கரைத்த சலைனை நரம்பு வழியாக ஏற்றலாம் என்றார். நாங்கள் பம்பை எடுத்தோம்.

செலவு இரண்டிலுமே அதிகம்தான். ஊசிக்கும் அப்பா பயப்படுபவர் இல்லை. எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பார்க்கின்சனில் இது சாதாரணக் கேள்வி இல்லை. வெறும் உப்புநீரை ஏற்றினாலும், மருந்து என்று நம்பினால் இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் நிஜமாகவே சுரக்கிறது. 2001-இலேயே கனடாவில் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் டிரிப்ஸ் முடிந்து எழுந்து நடந்தவரின் வீடியோவை வைத்து எதையும் சொல்ல முடியாது, அவர் பொய் சொல்லவில்லை என்றாலும். ஹைட்ரஜன் கரைத்த குடிதண்ணீர் விஷயத்திலேயே பாருங்கள். 2013-இல் ஜப்பானில் 20 பேருக்கும் குறைவானவர்களை வைத்து 48 வாரம் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. அதே குழு 178 பேரோடு 72 வாரம் சோதித்து 2018-இல் வெளியிட்டபோது, போலித் தண்ணீர் குடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. அவர்கள் கொடுத்தது குடிக்க. நரம்பில் ஏற்றுவது வேறு வழி, அதனால் அதுவும் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைவதே 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான், அதுவும் மூச்சு வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடும். பலனை எதை வைத்து அளப்பீர்கள் என்று கிளினிக்கில் கேட்டோம். "உங்களுக்கே தெரியும்" என்றார்கள். சித்தப்பாவே அதற்கப்புறம் வற்புறுத்தவில்லை.

பம்ப் பக்கம் 107 பேரை வைத்து 12 வாரம் நடந்த சோதனையில், மருந்து வேலை செய்யாத 'ஆஃப்' நேரம் நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் குறைந்தது. போலி மருந்து போனவர்களுக்குக் குறைந்தது சுமார் 35 நிமிடம். நம்பிக்கையால் வந்த பங்கைக் கழித்தாலும் மிச்சம் நிற்கிறது, எனக்கு அது போதும். வீட்டிலும் அரை மணிக்கு ஒரு முறை 'ஆன்' (மருந்து வேலை செய்யும் நேரம்) நேரமா, 'ஆஃப்' நேரமா என்று நோட்டில் குறித்தோம், பம்ப் போடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே. நாளுக்கு 6 மணி நேரமாக இருந்த ஆஃப் இப்போது மூன்றரை.

தொல்லை இல்லாமல் இல்லை. ஊசி குத்தும் இடத்தில் கட்டி கட்டியாக வருகிறது, தினமும் இடம் மாற்றி, மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். முதல் மாதம் குமட்டல். சில நாள் மதியம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார்.

ஓசோனும் இதே மாதிரி ஏற்றுகிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) விதி அதை நச்சு வாயு, தெரிந்த மருத்துவப் பயன் எதுவும் இல்லாதது என்கிறது. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

பதிவு செய்த சோதனையாக, போலி டிரிப்ஸ் குழுவும் வைத்து, பணம் வாங்காமல் யாராவது ஹைட்ரஜனைக் கொடுத்தால் அப்பாவிடம் மறுபடி பேசுவேன். இன்னொன்று, நான் சொன்னதெல்லாம் லெவோடோபாவுக்கு நன்றாக அசைந்துகொடுத்த பார்க்கின்சனுக்குத்தான். எம்எஸ்ஏ, பிஎஸ்பி மாதிரி, பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு மூளை நோய்களில் லெவோடோபாவே சரியாகப் பிடிக்காது, பம்பையும் பெரிதாக நம்ப முடியாது. அந்த வீடுகளில் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.