மராகேஷில் ராத்திரிச் சாப்பாடு: அரண்மனை விருந்தா, அல் ஃபாசியாவா?

மொராக்கோவின் மராகேஷில் ஒரு ராத்திரிதான் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்து சாப்பிட முடியும் என்றால், அல் ஃபாசியாவுக்குப் போங்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணம்தான் கொஞ்சம் நீளம்.

அந்த ஊரில் பெரிய சாப்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள், அந்தக் கால மாளிகைகளில் நடக்கும் விருந்து. அங்கே மெனு கார்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அவர்கள் வைப்பதை நாம் சாப்பிட வேண்டும். இன்னொன்று, வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடும் உணவகம். இந்த வகையில் பெயர் பெற்றது அல் ஃபாசியா. 1987லிருந்து நடக்கிறது, சமையற்கட்டிலிருந்து பரிமாறுவது வரை பெண்களே நடத்துகிறார்கள். கெலீஸில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் எழுந்த புதிய நகரம் அது.

அழகு என்று பார்த்தால் போட்டியே கிடையாது, மாளிகைதான். தரையிலும் சுவரிலும் ஸெலீஜ் என்னும் வண்ண ஓட்டுச் சில்லுகள், செதுக்கிய சுண்ணப்பூச்சு, தேவதாரு மரக் கூரை, முற்றத்தில் நீரூற்று, ஓரத்தில் ஊத் என்ற நரம்புக் கருவி வாசிப்பவர். கல்யாண நாளைக் கொண்டாட வந்தவர்களுக்கு அதையே சொல்வேன். அல் ஃபாசியா இருப்பது ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். உள்ளே நேர்த்தியாக இருக்கும். ஆனால் வாசலைப் பார்த்து யாரும் வாய் பிளக்கப் போவதில்லை. செலவிலும் பெரிய விவாதம் இல்லை: பெயர்போன மாளிகை விருந்து தலைக்குப் பல நூறு திர்ஹாம் (அந்த ஊர்ப் பணம்), அல் ஃபாசியாவில் நாங்கள் பகிர்ந்து சாப்பிட்டதற்கு அதைவிட நன்றாகவே குறைந்தது.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது அழகும் இல்லை, காசும் இல்லை. பசி.

மாளிகை விருந்தின் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் சாலட். நம் ஊர்ப் பச்சைக் காய்கறி சாலட் இல்லை, பெரும்பாலும் வேகவைத்தது. சுட்ட கத்தரிக்காயை மசித்த ஸாலூக், குடைமிளகாயும் தக்காளியும் வதக்கிய தக்தூகா, சீரகம் போட்ட கேரட் என்று கிண்ணம் கிண்ணமாக வரும். கூடவே தடித்த வட்ட ரொட்டி. அடுத்து கறி அடைத்துச் சுடும் பஸ்தீலா. அதற்கப்புறம் கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் மெல்ல வேகும் கோழி தஜீன், பிறகு ஆட்டுக்கறி, பிறகு கோதுமை ரவை மணிகளான கூஸ்கூஸ். அதற்கும் மேலே பழம், இனிப்பு, புதினா டீ. கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் விடாமல் பரிமாறுவார்களே, அந்த உபசாரம்தான் இதுவும். மனசு நிறையும், நாக்கு ஓய்ந்துவிடும்.

நாங்கள் போன மாளிகையில் கூஸ்கூஸ் வந்தபோது மேசையில் ஒரு கையும் நீளவில்லை. கோபுரம் மாதிரி குவித்து, மேலே ஏழு காய்கறிகளை அடுக்கி, அவ்வளவு பெரிய தட்டு. அப்படியே திரும்பிப் போனது. எனக்கு அது இன்னமும் உறுத்துகிறது. கூஸ்கூஸ் லேசான சமையல் இல்லை. கொதிக்கும் குழம்புக்கு மேல் துளைப்பாத்திரத்தில் வைத்து ஆவியில் வேகவைக்க வேண்டும். இறக்கி, தண்ணீர் தெளித்து, வெண்ணெயோ எண்ணெயோ விட்டு, கட்டி தட்டாமல் உள்ளங்கையால் உதிர்த்து, மறுபடியும் ஆவிக்கு ஏற்ற வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. மொராக்கோ வீடுகளில் வெள்ளிக்கிழமை மதியம் குடும்பம் கூடிச் சாப்பிடும் உணவு அது. 2020ல் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, மொரித்தானியா நான்கும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிய உணவு. அதைக் கடைசியாகக் கொண்டுவந்து வைத்தால் யார் தொடுவார்கள்?

பஸ்தீலாவும் அப்படித்தான். காகிதம் போல மெல்லிய வர்கா என்ற மாவு ஏடுகளை அடுக்கி, உள்ளே புறாக்கறியோ கோழியோ, முட்டை, வெங்காயம், குங்குமப்பூ, வறுத்த பாதாம் எல்லாம் வைத்து மூடிச் சுடுவது. மேலே பொடித்த சர்க்கரையும் பட்டைத்தூளும். கறியும் சர்க்கரையுமா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு வாய் சாப்பிட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அது மொறுமொறுப்பாக இருக்கும்போது, நல்ல பசியில் சாப்பிட வேண்டும். ஏழெட்டில் ஒன்றாக வந்து போகக் கூடாது.

அல் ஃபாசியாவில் இந்தச் சிக்கல் வரவில்லை. சாலட் வரிசையைப் பொதுவாக வாங்கினோம். பட்டையும் சர்க்கரையும் சேர்த்து ஜாம் பதத்துக்குச் சுருக்கிய தக்காளி அதில் ஒன்று. அந்தக் கிண்ணம்தான் முதலில் காலியானது. அப்புறம் ஒரு பஸ்தீலா, ஒரு தஜீன். அவ்வளவுதான். தஜீன் என்றதும் எல்லோரும் எலுமிச்சை ஊறுகாயும் ஆலிவும் போட்ட கோழியைத்தான் கேட்பார்கள்; அது நன்றாகவே இருக்கும், ஊர் முழுக்கக் கிடைக்கும். நீங்கள் பூசணிக்காய் கோழியைக் கேளுங்கள். கூம்பு மூடியைத் தூக்கியதும் கோழியே கண்ணில் படாது. சர்க்கரையில் பாகாகி, ஓரங்களில் கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்ட பூசணி மேலே மூடிக் கிடக்கும். ரொட்டித் துண்டால் அதை விலக்கினால் கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். இனிப்புக்குப் பின்னாலேயே உப்பும் பட்டை வாசனையும் ஏறும். ஒரே உணவோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

மாளிகை விருந்து நான் சாப்பிட்டது ஓரிடத்தில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த வகைகளோடு அளவாகப் பரிமாறும் ரியாத்களும் (முற்றம் வைத்த பழைய வீடுகள்) உண்டு. அவற்றுக்கு என் குறை பொருந்தாது. கூட்டம் அதிகமாக, எட்டுப் பத்துப் பேராகப் போனால் கணக்கே மாறலாம். எல்லாத் தட்டுக்கும் ஆள் இருக்கும்.

சைவக்காரர்களுக்கு இரண்டு இடத்திலும் எச்சரிக்கை தேவை. சாலட் வரிசையே ஒரு முழுச் சாப்பாடு, அதில் பயமில்லை. காய்கறி கூஸ்கூஸ் என்று எழுதியிருந்தாலும் அடியில் கொதித்தது பெரும்பாலும் கறிக்குழம்பாகத்தான் இருக்கும். காய் மட்டும் மேலே இருக்கிறது என்று நம்பி வாங்காமல், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய நகரத்தின் நடுவே இருக்கும் ஜமா எல் ஃப்னா சதுக்கத்தை விட்டுவிட்டாயே என்பீர்கள். கதைசொல்லிகளும் பாட்டுக்காரர்களும் கூடும் அந்த இடத்தின் பண்பாட்டை யுனெஸ்கோ 2001லேயே வாய்மொழி மரபாகச் சிறப்பித்திருக்கிறது. சாயங்காலம் எண் போட்ட கடைகள் முளைத்து, கரிப்புகை வானத்துக்கு ஏறுவதைக் கட்டாயம் பாருங்கள். நத்தைச் சாறு, ஹரீரா சூப் எல்லாம் நின்றபடி சாப்பிடலாம். ஆனால் உட்கார்ந்து வயிறார சாப்பிட அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஒரு கடையில் நாங்கள் கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் ஆலிவுக்கும் பில்லில் காசு ஏறியிருந்தது. உட்காரும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.

அதே சதுக்கத்தின் வடக்கே மெஷூயி சந்து இருக்கிறது. அது வேறு கதை. தரைக்குக் கீழே தோண்டிய அடுப்பில் முழு ஆடு மணிக்கணக்கில் வெந்திருக்கும். எடை போட்டு வெட்டி, உப்பும் சீரகத்தூளும் ரொட்டியும் சேர்த்துக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே தஞ்சியா ஜாடிகள். ஹம்மாம் என்னும் பொதுக் குளியலறையின் அடுப்புச் சாம்பலில் புதைத்து வேகவைக்கும் மராகேஷ்காரர்களின் சொந்தக் கறி அது. இதற்கு மதியம்தான் நேரம். பிற்பகலில் போனால் நல்ல துண்டெல்லாம் போயிருக்கும்.

அல் ஃபாசியாவுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், மேசை கிடைப்பது கஷ்டம். இருவர் பகிரும் ஆட்டுத் தோள் கறி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மெதுவாக வேக வேண்டிய கறி என்பதால் போய் உட்கார்ந்த பிறகு கேட்டால் நடக்காது. அன்றைக்கு மதியம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.