பகிரப்படும் ஆப்ஜெக்ட் எது என்று சொல்லிவிடும் கருவி: த்ரெட்சானிடைசர்

சி++ சர்வர் கோடை ரிவ்யூ செய்வது என் அன்றாட வேலை. ‘இது த்ரெட் சேஃப்பா?’, அதாவது ஒரே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் பல த்ரெட்கள் தொட்டாலும் கோடு பிழையாகாதா என்று யாராவது கேட்டால், நான் முதலில் லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) தேடுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட் தொடும் ஆப்ஜெக்ட் எவை என்றுதான் தேடுவேன். அது தெரியாமல் லாக் சரியா தப்பா என்று பேசிப் பயனில்லை. அந்தத் தேடலில் எனக்குப் பெருந்துணை த்ரெட்சானிடைசர். கூகுளில் உருவான இது முதலில் ப்ரோக்ராம்களை ஓட்டிச் சோதிக்கும் வால்கிரைண்டின் மேல் ஓடியது. இப்போது கிளாங், ஜிசிசி என்ற இரண்டு கம்பைலரோடும் இலவசமாகவே வருகிறது.

கம்பைல், லிங்க் இரண்டிலும் ஒரே ஒரு ஃப்ளாக் சேர்த்து ஓட்டினால் போதும். மெமரியின் ஒவ்வொரு 8 பைட்டையும் அண்மையில் எந்த த்ரெட் தொட்டது, படித்ததா எழுதியதா என்று தனியே கணக்கு வைக்கும். இரண்டு த்ரெட் ஒரே இடத்துக்கு வந்து, குறைந்தது ஒன்று எழுதி, எது முந்தியது என்று உறுதிசெய்ய லாக்கோ அட்டாமிக்கோ (இடையில் வேறு த்ரெட் புகமுடியாத ஒரே வீச்சுச் செயல்) இல்லையென்றால் ரிப்போர்ட் வந்துவிடும்.

ரிப்போர்ட்டில் பலரும் பார்ப்பது இரண்டு ஸ்டாக் ட்ரேஸை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்). நான் முதலில் படிப்பது அதன் கீழே வரும் ‘லொக்கேஷன்’ வரியை. குளோபல் என்றால் மாறியின் பெயரையே சொல்லிவிடும். ஹீப் (ஓடும்போது ஒதுக்கும் மெமரி) என்றால் எத்தனை பைட், எந்த த்ரெட், கோடில் எந்த வரியில் ஒதுக்கியது என்று காட்டும். பகிரப்படும் ஆப்ஜெக்ட் பிறந்த இடமே கையில் கிடைக்கிறது. எனக்கு இதற்காகவே இந்தக் கருவி பிடிக்கும்.

ஒரு செட்டிங்ஸ் கிளாஸில் கான்ஸ்ட் என்று குறித்த ஃபங்ஷன் ஒன்று இருந்தது. படிப்பது மட்டும்தானே என்று எல்லோரும் கடந்துபோகிற வகை. உள்ளே ம்யூட்டபிள் (கான்ஸ்டுக்குள்ளும் மாற்றலாம் என்று குறித்த) கேஷ் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தது! ஆப்ஜெக்டைச் சுமந்ததோ ஷேர்ட் பாயிண்டர், அதாவது ஒரே ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவைக்கும் சுட்டி. அதன் எண்ணிக்கை மட்டும்தான் அட்டாமிக், அது காட்டும் பொருளுக்கு எந்தக் காப்பும் இல்லை. ரிப்போர்ட் நேராக அந்த வரிக்கே கூட்டிப்போனது.

குறைகளும் உண்டு. ஓடாத பாதையைப் பற்றி இது வாயே திறக்காது. டெஸ்ட் ஒரே த்ரெட்டில் ஓடினால் ரிப்போர்ட் காலியாகத்தான் இருக்கும், அதை நம்பி மெர்ஜ் செய்யாதீர்கள். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், மெமரி 5 முதல் 10 மடங்கு கூடும். மெமரிப் பிழை தேடும் அட்ரஸ்சானிடைசரோடு ஒரே பில்டில் சேராது. இந்த ஃப்ளாக் இல்லாமல் கம்பைல் செய்த லைப்ரரி நடுவில் இருந்தால் பொய் எச்சரிக்கையும் வரும்.

அதனால் ஓட்டுவதற்கு முன்பே கோடை ஒருமுறை கண்ணால் துழாவிவிடுவேன்: குளோபல், ஸ்டாட்டிக், சிங்கிள்டன் (ப்ரோக்ராம் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்கும் ஆப்ஜெக்ட்), த்ரெட்டுக்குள் ரெஃபரன்ஸாகப் போகும் லாம்ப்டா கேப்ச்சர் (பெயரில்லாத ஃபங்ஷன் வெளியிலிருந்து பிடித்துவரும் மாறி). ‘லோக்கல்டைம்’ போல உள்ளே ஒரே ஸ்டாட்டிக் இடத்தைத் திருப்பித் தரும் பழைய சி ஃபங்ஷன்களையும் விடமாட்டேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். 64 பிட் லினக்ஸில் சி++ எழுதுபவர்கள், பல த்ரெட் ஓடும் லோட் டெஸ்டை இரவு பில்டில் இதோடு சேர்த்து ஓடவிடுங்கள்.