0.08 ஆ, 8 ஆ? சதவீதத்தை எப்படிச் சேமிப்பது?

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குச் சம்பள மென்பொருள் செய்து கொடுத்தேன். சீ ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் செயலி. முதல் மாதச் சம்பளச் சீட்டோடு வந்த கணக்காளர் கேட்டார்: "தம்பி, இதென்ன ஈ.பி.எஃப் 800%?"

ஈ.பி.எஃப் என்பது ஊழியர் சேமலாப நிதி; அதற்கு ஊழியரின் சம்பளத்தில் 8% கழிக்க வேண்டும். கழித்த தொகை சரி, காட்டிய வீதம்தான் பிழை. டேட்டாபேஸில் 8 என்று வைத்திருந்தேன். கணக்கில் 100ஆல் வகுத்தேன். சீட்டில் காட்ட மட்டும், ஒரு தசம இடத்தோடு சதவீதம் காட்டும் 'பி1' (P1) ஃபோர்மட்டைக் கொடுத்துவிட்டேன். அது எண்ணை 100ஆல் பெருக்கிய பிறகுதான் % போடும். "0.0%" என்று நாமே எழுதிக்கொடுத்தாலும் இதே கதைதான். வெறும் குறி என்று நினைத்துப் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இதைத் திருத்த இரண்டு வழி. 8ஐ அப்படியே விட்டு, "0.0'%'" என்று குறியை ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்கலாம். பெருக்கல் நின்றுவிடும், பழைய தரவிலும் கைவைக்க வேண்டாம். ஆனால் கணக்குப் போடும் ஒவ்வொரு இடத்திலும் 100ஆல் வகுக்க நினைவிருக்க வேண்டும். அந்த 8 முழு எண் வகையாக இருந்தால் 8 / 100 என்பதன் விடை 0. எரர் எதுவும் வராது, யாருடைய சம்பளத்திலும் ஈ.பி.எஃப் கழியாது. 800% என்று கண்ணில் படுகிற பிழையை விட எனக்கு இதுதான் பயம்.

மற்ற வழி, 0.08 என்று டெசிமல் (தசம எண்) வகையில் வைத்து 'பி1' கொடுப்பது. கணக்கு நேராகப் போகும்: 60,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 4,800, முதலாளியின் 12% 7,200, ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% 1,800. சிக்கல் தட்டச்சில்தான். பெட்டியில் "8%" என்று அடித்தால், எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ் அந்தக் குறியை ஏற்காது. குறியை நீக்கி 100ஆல் வகுப்பதை ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். தசம இடத்தையும் சொல்லிவிடுங்கள். 'பி0' போட்டால் 2.5% ஆன சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 3% என்று தெரியும். வெறும் 'பி' என்றால் தசம இடம் கல்ச்சர் அமைப்பை, அதாவது மொழி, நாட்டுக்கான அமைப்பைப் பொறுத்தது. எண்ணுக்கும் குறிக்கும் நடுவே இடைவெளி வருவதும் அப்படித்தான், அதனால் கல்ச்சரையும் கோடிலேயே குறிப்பிடுங்கள்.

"8%" என்று எழுத்தாகவே சேமிப்பவர்களும் உண்டு. வேண்டாம். வரிசைப்படுத்தினால் 12% முதலில், 8% பிறகு வரும். திரையில் அட்டவணை காட்டும் கிரிட்டில் ஃபோர்மட் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லையா? அந்த நிரல் (கொலம்) ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வகையா என்று முதலில் பாருங்கள்.

பல வருடத் தரவு 8, 15 என்று கிடக்கிற செயலியில் நான் மேற்கோள் வழியைத்தான் எடுப்பேன். புதிதாக எழுதுவதென்றால் 0.08 தான். 2024 ஜனவரி 1இல் இலங்கையில் வற் (பெறுமதி சேர் வரி) 15%இலிருந்து 18% ஆனது போல வீதம் மாறும்போது, 0.18 என்று ஒரு வரிசையைச் சேர்த்தால் போதும்.

புறக்கோட்டைக் கடைக்கு 0.08க்கே மாற்றினேன். இப்போது 1ஐ விடப் பெரிய வீதம் வந்தால் செயலி சேமிக்க மறுக்கும்.